'இயன்ற வரையில்': பத்து நாற்காலிகளின் இலக்கணம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 66-ஆம் பிரிவை வாசிப்பவர்கள் பெரும்பாலும் வழக்கறிஞர்கள். மொழியியல் மாணவர்களும் அதை ஒருமுறை வாசிக்க வேண்டும். ஒவ்வொரு மாநில அரசும் மாற்றுத்திறன் தொடர்பான ஆலோசனை வாரியம் ஒன்றை அமைக்க வேண்டும் என்று கூறும் பிரிவு அது. அந்த வாரியத்தில் யார் யார் அமர வேண்டும் என்று நீளமாகப் பட்டியலிட்டுச் செல்லும்போது, கண்ணில் படாமல் நழுவிவிடக் கூடிய ஒரு சொற்றொடரை அது வைத்திருக்கிறது. தொண்டு நிறுவனங்கள், சங்கங்கள் ஆகியவற்றின் சார்பில் பத்துப் பேரை அரசு நியமிக்கலாம். அவர்கள் 'இயன்ற வரையில்' மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும். ஆங்கில மூலத்தில் நான்கு சொற்கள், தமிழில் இரண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளைப் பற்றி மாநிலத்தின் மிக உயர்ந்த ஆலோசனை அவையில் பேசும்போது மாற்றுத்திறனாளி ஒருவர் அங்கே இருப்பாரா என்ற கேள்வி இந்த இரண்டு சொற்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மற்ற நாற்காலிகளில் அமர்பவர்களையும் பார்த்துவிடுவது நல்லது. துறை அமைச்சர் தலைவர். இணை அல்லது துணை அமைச்சர் இருந்தால் அவர் துணைத் தலைவர். பள்ளிக் கல்வி, உயர்கல்வி, நிதி, சுகாதாரம், ஊரக வளர்ச்சி, தொழிலாளர் நலம், வீட்டுவசதி, போக்குவரத்து என்று பதினைந்துக்கும் மேற்பட்ட துறைகளின் செயலர்கள் பதவி வழி உறுப்பினர்கள். சட்டமன்றத்திலிருந்து மூவர். மாற்றுத்திறன், மறுவாழ்வுத் துறைகளின் வல்லுநர்கள் ஐவர். மாவட்டங்களின் சார்பில் சுழற்சி முறையில் ஐவர். வணிக, தொழிற் சபையிலிருந்து மூவருக்கு மிகாமல். இணைச் செயலர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் உறுப்பினர்-செயலர். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ நாற்பத்தைந்து பேர். இவர்களில் எவரும் மாற்றுத்திறனாளியாக இருந்தாக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. கேட்பது அந்தப் பத்து இடங்களில் மட்டும்தான்; அங்கும் 'இயன்ற வரையில்'.

இந்தப் பத்துப் பேருக்குச் சட்டம் வேறு இரண்டு நிபந்தனைகளும் விதிக்கிறது. குறைந்தது ஐவர் பெண்களாக இருக்க வேண்டும். பட்டியல் சாதியினரிலிருந்தும் பட்டியல் பழங்குடியினரிலிருந்தும் குறைந்தது ஒவ்வொருவர் இருக்க வேண்டும். இவ்விரண்டிலும் 'இயன்ற வரையில்' இல்லை. கட்டாயத்தை உணர்த்தும் துணைவினை மட்டுமே இருக்கிறது. அவை அவ்வாறு இருப்பதே சரி. அவற்றைத் தளர்த்த வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் இதன் விளைவை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். மாற்றுத்திறனாளிகள் ஒருவர்கூட இல்லாத பத்துப் பேர் பட்டியலை ஓர் அரசு வெளியிடுகிறது. அதில் பெண்கள் ஐவர், பட்டியல் சாதியினர் ஒருவர், பழங்குடியினர் ஒருவர். தகுதியான மாற்றுத்திறனாளிகள் கிடைக்கவில்லை என்று கோப்பில் ஒரு வரிக் குறிப்பு. சட்டம் நிறைவேறிவிட்டது என்று வாதாட இடமிருக்கிறது. மாறாக, பத்துப் பேரும் மாற்றுத்திறனாளிகள், ஆனால் பெண்கள் நால்வர்தான் என்றால் சட்டம் மீறப்பட்டுவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கென இயற்றப்பட்ட சட்டத்தில், நெகிழ்ந்து கொடுக்கும் ஒரே நிபந்தனை மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டும் என்பதுதான்.

மூலத்தில் ஒரு தொடரமைப்புச் சிக்கலும் உண்டு. 'பத்துப் பேர்' என்பதற்கும் 'மாற்றுத்திறனாளிகளாக இருந்து' என்பதற்கும் நடுவில் இந்தச் சொற்றொடர் நிற்கிறது. காற்புள்ளி அதற்குப் பின்னால் இருக்கிறதே ஒழிய முன்னால் இல்லை. எனவே அது தனக்கு முன் உள்ள எண்ணைத் தழுவுகிறதா, பின் உள்ள தன்மையைத் தழுவுகிறதா என்பதில் ஆங்கிலம் இரண்டு வாசிப்புக்கும் இடம் தருகிறது. தமிழில் பெயர்ப்பவருக்கு இந்த வசதி இல்லை. 'இயன்ற வரையில் பத்துப் பேர்' என்று எழுதினால் எண்ணிக்கை தளரும். 'இயன்ற வரையில் மாற்றுத்திறனாளிகளாக உள்ள பத்துப் பேர்' என்று எழுதினால் தகுதி தளரும். தமிழின் அடைமொழி தான் தழுவும் சொல்லுக்கு முன்னால் வந்து நின்றாக வேண்டும். யாரைத் தளர்த்துகிறோம் என்பதைச் சொல்லாமல் தப்ப முடியாது. வழக்கமான வாசிப்பு இரண்டாவதே. முதல் வாசிப்பை நீதிமன்றத்தில் எவரேனும் முன்வைத்தால் அது சுவையான வழக்காக இருக்கும்.

கைதவறி விழுந்த சொற்றொடர் இது என்று எண்ண வேண்டாம். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே சொற்கள் இருந்தன. அப்போது வாரியத்துக்குப் பதிலாக மாநில ஒருங்கிணைப்புக் குழு இருந்தது. சங்கங்களின் சார்பில் ஐந்து பேர். 'இயன்ற வரையில்' மாற்றுத்திறனாளிகள். ஒவ்வொரு வகைக் குறைபாட்டுக்கும் ஒருவர். குறைந்தது ஒரு பெண், பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவர். அதற்கும் 2016-க்கும் இடையில் உலகம் நிறையவே நகர்ந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டது; 2007 அக்டோபர் 1 அன்று இந்தியா அதை உறுதிசெய்தது. சட்டம் இயற்றும்போதும் கொள்கை வகுக்கும்போதும் மாற்றுத்திறனாளிகளை அவர்களுடைய பிரதிநிதித்துவ அமைப்புகள் வழியாக நெருக்கமாகக் கலந்தாலோசிக்க வேண்டும், அவர்களை முனைப்புடன் ஈடுபடுத்த வேண்டும் என்று அதன் 4-ஆம் உறுப்பு அரசுகளைக் கடமைப்படுத்துகிறது. அந்த உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தவே 2016 சட்டம் வந்தது. அதன் முகப்புரையே அப்படித்தான் சொல்கிறது. ஐந்து நாற்காலிகள் பத்தாயின. ஒரு பெண் ஐவரானார். 'இயன்ற வரையில்' மட்டும் ஒரு சொல்கூட மாறாமல் பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்குக் குடிவந்துவிட்டது.

வழியில் தொலைந்தது ஒன்றும் உண்டு: ஒவ்வொரு வகைக் குறைபாட்டுக்கும் ஒருவர் என்ற பழைய நிபந்தனை. அது தொலைந்த அதே சட்டத்தில்தான் குறைபாட்டு வகைகள் ஏழிலிருந்து இருபத்தொன்றாக விரிந்தன. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய், ஆட்டிசம், பார்க்கின்சன் நோய், அமிலத் தாக்குதலுக்கு ஆளானோர் என்று பட்டியல் நீண்டது வரவேற்கத்தக்கது. ஆனால் பத்து நாற்காலிகளும் ஓரிரு வகையினருக்கே போய்விடுவதைத் தடுக்கும் வாசகம் இப்போது இல்லை. யார் விடுபடுவார்கள் என்பதை ஊகிப்பது கடினமில்லை. அரசுக் கூட்டம் என்பது அச்சிட்ட நிகழ்ச்சி நிரலும் வாய்ப்பேச்சும் சேர்ந்த ஒரு வடிவம். கோப்பை வாசித்து, வாய்ப்பு வந்ததும் உரக்கப் பேசக் கூடியவர்களுக்கு அந்த வடிவம் ஒத்துப்போகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் செவித்திறன் குறையுடையோர் மட்டும் ஏறத்தாழ 50 லட்சம். சைகைமொழியில் சிந்தித்துப் பேசும் ஒருவரை நியமித்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் இல்லாத அறையில் அமர்த்தினால், அவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டதைத் தவிர வேறென்ன பங்கேற்றார்? பார்வையற்ற உறுப்பினருக்கு நிகழ்ச்சி நிரலை வருடிய படமாக அனுப்பினால் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெற்றுத் தாள். அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கு எளிய வாசிப்பு வடிவில் ஆவணம் தயாரிப்பது என்றால் என்ன என்பதே நம் தலைமைச் செயலகங்களில் எத்தனை மேசைகளுக்குத் தெரியும்? (தமிழில் எளிய வாசிப்பு வடிவத்துக்கான வழிகாட்டு நெறிகளை ஆராய்வது மொழியியல் துறைகளுக்குக் காத்திருக்கும் வேலை. வாக்கிய நீளம், உட்பொதி எச்சத் தொடர்கள், செயப்பாட்டு வினை எல்லாம் அங்கே நடைமுறைக் கேள்விகளாகிவிடும்.)

இனி வேற்றுமைக்கு வரலாம். உடன்படிக்கையின் செயலாக்கத்தைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2018-இல் தன் ஏழாவது பொதுக் கருத்துரையை வெளியிட்டது. மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் ஒரு வகை, மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகள் வேறு வகை என்று அது தெளிவாகப் பிரித்தது. முதல் வகையை வழிநடத்துபவர்களும் ஆள்பவர்களும் மாற்றுத்திறனாளிகளே. உறுப்பினர்களில் தெளிவான பெரும்பான்மையும் அவர்களே. இரண்டாம் வகை அவர்களுக்குச் சேவை செய்வது. ஆங்கிலத்தில் இரண்டு முன்னிடைச் சொற்களின் வேறுபாடு. தமிழில் உருபின் வேறுபாடு: ஒன்று உடைமைப் பொருள், மற்றொன்று நான்காம் வேற்றுமை. (ஆறாம் வேற்றுமைக்கு 'இன்' உருபாகாது என்று நன்னூல் கற்றவர்கள் திருத்தக் கூடும், இக்கால எழுத்து வழக்கு அதை உடைமைப் பொருளில் ஏற்றுக்கொண்டுவிட்டது.) நான்காம் வேற்றுமைக்கு நன்னூலார் அடுக்கும் பொருள்களில் முதலாவது கொடை. கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். 'கு' விழும் இடத்தில் பெறுபவர் இருக்கிறார். இரண்டாவதாக அவர் சொல்லும் பொருள் பகை என்பதை இங்கே மிகையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

66-ஆம் பிரிவு இந்த இரண்டில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. குறைபாடுகளோடு 'தொடர்புடைய' நிறுவனங்கள், சங்கங்கள் என்று பொதுவாகச் சொல்லிச் செல்கிறது. மறுவாழ்வு மையம் நடத்தும் அறக்கட்டளையும் தொடர்புடையதுதான். பார்வையற்றோர் தாங்களே நடத்தும் சங்கமும் தொடர்புடையதுதான். முன்னதற்கு அலுவலகம் இருக்கும், தணிக்கை அறிக்கை இருக்கும், அரசு மானியத்தின் வழியே துறை அதிகாரிகளோடு நீண்டகாலப் பழக்கம் இருக்கும். பெயர் கேட்டுக் கோப்பு நகரும்போது எந்தப் பெயர் முதலில் நினைவுக்கு வரும் என்பதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை. சேவை வழங்கும் நிறுவனத்தையே சேவையின் தரம் பற்றிக் கருத்துச் சொல்ல அமர்த்துவதில் உள்ள முரண், அந்த 'தொடர்புடைய' என்ற பெயரெச்சத்துக்குள் மறைந்துவிடுகிறது. வாரியத்தின் பெயரிலும் இந்த உருபு வேலை செய்கிறது. மூலத்தில் மாற்றுத்திறன் 'பற்றிய' வாரியம்; தமிழ்ச் செய்திகளில் அது வழக்கமாக 'மாற்றுத்திறனாளிகளுக்கான' வாரியமாகிவிடுகிறது.

'எங்களைப் பற்றியது எதுவும் எங்களின்றி வேண்டாம்' என்ற உலகறிந்த முழக்கத்தைத் தமிழில் சொல்லும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைக்கு உள்ளடக்கல், விலக்கல் வேறுபாடு இல்லை. தமிழுக்கு உண்டு. 'நம்மை' என்று பெயர்த்தால் முழக்கம் பொருளற்றுப் போகும், ஏனென்றால் கேட்பவரும் அதற்குள் வந்துவிடுகிறார். 'எங்களை' என்றே சொல்லியாக வேண்டும். கேட்பவர் வெளியே நிறுத்தப்படுகிறார். அமைச்சரும் செயலர்களும் வல்லுநர்களும் அந்த வாக்கியத்தின் முன்னிலையில் இருக்கிறார்கள்.

இங்கே நேர்மையான ஓர் எதிர்வாதம் உண்டு. தீவிரமான அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், பேச்சற்ற ஆட்டிசக் குழந்தைகள் ஆகியோர் சார்பில் பெற்றோர்களே போராடி வந்திருக்கிறார்கள். 'இயன்ற வரையில்' என்ற தளர்வு இல்லாவிட்டால் அந்தப் பெற்றோர்களுக்கு வாரியத்தில் இடமின்றிப் போகுமே என்பது அது. இந்தியாவில் பெற்றோர் இயக்கங்கள் ஆற்றிய பணியைக் குறைத்துப் பேசுவது நன்றியறியாமை. ஐ.நா. குழுவின் அதே கருத்துரையும் குடும்பத்தினரின் அமைப்புகளுக்குத் தனியிடம் தருகிறது. தம் பிள்ளைகளின் விருப்பத்தை வெளிக்கொணரத் துணைநிற்பதே அவர்களுடைய பங்கு என்கிறது. ஆனால் இந்தத் தேவைக்கு விடை, பெற்றோருக்கென இரண்டு இடங்களை வெளிப்படையாக ஒதுக்குவது. பத்து இடங்களையும் தளர்த்தி வைத்து, அந்தத் தளர்வின் வழியே யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று விடுவது விடையாகாது. வல்லுநர்களுக்கு ஐந்து இடங்கள் எவ்வித நெகிழ்வும் இல்லாமல் தனியாக இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

'தகுதியானவர்கள் கிடைப்பதில்லை' என்ற மற்றொரு வாதத்துக்கு இவ்வளவு மதிப்புத் தர வேண்டியதில்லை. அரசுப் பணியில் குறைந்தது நான்கு விழுக்காடு, உயர்கல்வியில் குறைந்தது ஐந்து விழுக்காடு என்று இதே சட்டம் இட ஒதுக்கீடு செய்கிறது. தமிழ்நாடு 2025-இல் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளியை நியமன உறுப்பினராக்க முடிவு செய்தது. மாநிலத்தில் கிராம ஊராட்சிகள் மட்டும் 12,000-க்கு மேல். ஊருக்கு ஒருவர் கிடைப்பார் என்று நம்பிச் சட்டம் இயற்ற முடிந்த நாட்டில், மாநிலம் முழுவதற்கும் பத்துப் பேர் கிடைப்பார்களா என்பது ஐயத்துக்குரிய செய்தியாக நீடிக்கிறது.

உறுப்பினராவதற்கான தகுதியின்மைகளை அடுக்கும் 68-ஆம் பிரிவு இன்னும் வியப்பூட்டும். கடன் தீர்க்க இயலாதவர், ஒழுக்கக் கேடான குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் ஆகியோரோடு, மனநிலை சரியில்லாதவர் என்று நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டவரும் உறுப்பினராக முடியாது. மனநோய் இச்சட்டம் ஏற்றுக்கொண்ட இருபத்தொரு வகைகளில் ஒன்று. சட்டத்தின் முன் சமமான தகுதியை மாற்றுத்திறனாளிகள் அனைவருக்கும் வழங்குவதாக அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. ஐம்பது பிரிவுகள் தள்ளி வந்ததும், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்டு வந்த வாசகம் வந்து அமர்ந்துகொள்கிறது. இதற்கு அருகிலேயே 73-ஆம் பிரிவையும் வைத்துப் படிக்க வேண்டும். வாரியத்தில் காலியிடம் இருக்கிறது, அதன் அமைப்பில் குறைபாடு இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் அதன் நடவடிக்கைகளைக் கேள்வி கேட்க முடியாது. வாரியத்துக்குக் குறைபாடு இருந்தால் மன்னிப்பு உண்டு. பத்து நாற்காலிகளும் காலியாக இருந்தாலும் தீர்மானம் செல்லும்.

ஆலோசனை வாரியம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். வாரியத்தின் பணிகள் காகிதத்தில் கணிசமானவை. மாநிலக் கொள்கையை வகுக்க வேண்டும். எல்லாத் துறைகளின் செயல்பாடுகளையும் மீளாய்வு செய்து ஒருங்கிணைக்க வேண்டும். அணுகுதகைமைக்கும் பாகுபாடின்மைக்கும் பரிந்துரை தர வேண்டும். சட்டங்களின் தாக்கத்தைக் கண்காணிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். ஆனால் அந்த ஆலோசனையைப் பெறும் அரசு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. இது சட்ட வரைவாளர்களுக்குத் தெரியாத கலையும் இல்லை. மாநில ஆணையர் ஓர் அதிகார அமைப்புக்குப் பரிந்துரை தந்தால், மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் அதே காலத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும் என்று 81-ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. தனி ஒருவரின் குறையைக் கேட்கும் ஆணையருக்குப் பதில் உண்டு. மாநிலக் கொள்கையைப் பேசும் வாரியத்துக்குப் பதில் இல்லை. ஆலோசனை பெற வேண்டிய அமைச்சரே ஆலோசனை சொல்லும் அவைக்குத் தலைவர் என்பதால் பதிலே தேவையில்லை என்று கருதினார்களோ என்னவோ. வழங்குபவரும் பெறுபவரும் ஒருவரேயான இந்தக் கொடையை எந்த வேற்றுமையில் வைப்பது என்று தெரியவில்லை.

வாரியம் பேசாதபோது அதன் வேலையை நீதிமன்றங்கள் செய்ய நேர்கிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2017 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் ஆணைகளில் ஒன்று, மத்திய, மாநில ஆலோசனை வாரியங்களை மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்பது. சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு ஏப்ரலில். சட்டமே கட்டாயமாக்கிய ஒன்றை நீதிமன்றம் மறுபடியும் கட்டாயமாக்க வேண்டியிருந்தது. அதே வழக்கு மீண்டும் 2024 நவம்பர் 8-இல் தீர்ப்புக்கு வந்தபோது, அணுகுதகைமை விதிகளில் கட்டாயமாக இருக்க வேண்டியதை வெறும் பரிந்துரையாக எழுதியிருக்கிறது என்ற காரணத்துக்காக மத்திய அரசின் விதிகளில் 15(1)-ஐ உச்ச நீதிமன்றம் சட்டத்துக்கு முரணானது என்றது. வினைமுற்றின் தொனி ஒன்றை வைத்து ஒரு விதி வீழ்ந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. பரிந்துரைத் தொனியும் கட்டாயத் தொனியும் ஒன்றில்லை என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, 'இயன்ற வரையில்' என்பதையும் யாரேனும் அந்த ஒளியில் வாசித்துக் காட்ட வேண்டும்.

சென்னையின் தாழ்தளப் பேருந்துகளை எடுத்துக்கொள்ளலாம். சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய பேருந்து வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தில் அலைந்தது. பேருந்து வாங்கும் துறையின் செயலர், பணம் ஒதுக்கும் துறையின் செயலர், மாற்றுத்திறனாளிகள் துறையின் செயலர் மூவரும் சட்டப்படி ஒரே வாரியத்தின் உறுப்பினர்கள். ஒரு மேசையைச் சுற்றி, பேருந்தில் ஏற முடியாத ஒருவரின் முன்னிலையில் பேசியிருக்க வேண்டிய செய்தி அது. வாரியம் இருக்கும் இடத்தில் வழக்கு நடந்தால், வாரியத்துக்கு ஆக வேண்டிய செலவை மனுதாரர்கள் தங்கள் நேரத்தாலும் உடலாலும் கட்டுகிறார்கள்.

2024 அக்டோபரில் மத்திய அரசு குறைபாட்டுச் சான்றிதழ் விதிகளைத் திருத்தியது. சான்றிதழ் வழங்குவதற்கான கால வரம்பு ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாகியது. அடையாள அட்டைகளுக்கு குறைபாட்டு விழுக்காட்டின்படி வெள்ளை, மஞ்சள், நீலம் என்று வண்ணங்கள் வகுக்கப்பட்டன. சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை இல்லை, கருவி இல்லை, பயணச் சலுகை இல்லை, பல்கலைக்கழகத்தில் ஒதுக்கீட்டு இடமும் இல்லை. சேர்க்கைக்குக் கடைசி நாள் ஜூலையில் என்றால் மே மாதம் விண்ணப்பித்தவருக்கு இந்த இரண்டு மாத வேறுபாடு ஓர் ஆண்டு வேறுபாடு. சான்றிதழ் வழங்குவது மாநிலங்களின் மருத்துவமனைகள். தங்கள் மருத்துவமனைகளில் உண்மையில் எத்தனை நாளாகிறது, எந்த வகைக் குறைபாட்டுக்கு மருத்துவர் இல்லாததால் தாமதமாகிறது, பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்பப்படுபவரின் பயணச் செலவு யாருடையது என்பனவற்றை மாநில வாரியம் ஒவ்வொன்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும். இதைக் கேட்கத் தெரிந்தவர் அந்த வரிசையில் நின்றவர்தான்.

பெயர்களை மாற்றுவதில் மட்டும் நம் அரசுகள் தயங்குவதில்லை. தமிழ்நாட்டில் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது. 2015 டிசம்பரில் பிரதமர் வானொலி உரையில் 'திவ்யாங்' என்ற சொல்லை முன்மொழிந்தார். சில மாதங்களில் மத்தியத் துறையின் இந்திப் பெயரே மாறிவிட்டது. தெய்வீக உறுப்பு எங்களுக்கு வேண்டாம், சாய்தளம் போதும் என்ற பொருளில் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் பல அதை எதிர்த்தன. தமிழ்ச் சொல் அந்த அளவுக்கு எதிர்ப்பைச் சந்திக்கவில்லை, நல்ல சொல்தான். எனினும் ஒரு சொல்லைச் சூட்டுவதற்கு முன் சூடிக்கொள்பவரிடம் கேட்பதற்கும் ஓர் அவை வேண்டும், அதுவும் இந்த வாரியமாகவே இருந்திருக்க முடியும்.

நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தும் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் எந்த மாநிலத்துக்கும் இல்லை. பத்து இடங்களிலும் மாற்றுத்திறனாளிகளையே நியமிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. 'இயன்ற வரையில்' என்பது இயன்றதைச் செய்யச் சொல்லும் வாசகம்கூட. மாநில விதிகளிலேயே இதை எழுதலாம். ஒரு மாற்றுத்திறனாளியைத் தேர்ந்தெடுக்காத ஒவ்வோர் இடத்துக்கும் காரணத்தைப் பதிவு செய்து வெளியிட வேண்டும் என்று சேர்த்துவிட்டால், அந்த ஒரு வரிக் கோப்புக் குறிப்பு எழுதுவது அவ்வளவு எளிதாக இருக்காது. ஆணையருக்குத் தரும் மூன்று மாத மறுமொழியை வாரியத்துக்கும் ஓர் அரசாணையால் நீட்டிக்கலாம். நிகழ்ச்சி நிரல் பதினைந்து நாள் முன்னதாக, வாசிக்கத்தக்க வடிவில். இரண்டு சைகைமொழி மொழிபெயர்ப்பாளர்கள், ஏனெனில் ஒருவரால் மூன்று மணி நேரம் தொடர்ந்து செய்ய முடியாது. உடன் வரும் உதவியாளருக்கும் பயணப்படி. கூட்டக் குறிப்புகள் இணையத்தில். இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. நிதித்துறைச் செயலரும் அந்த மேசையில்தான் இருக்கிறார்.

பல்கலைக்கழகத்தாருக்கு இதில் வேலை இருக்கிறது. மாற்றுத்திறன் ஆய்வுகள் என்ற பெயரில் புனைவுகளில் மாற்றுத்திறனாளிப் பாத்திரங்களின் சித்திரிப்பை ஆராயும் ஆய்வேடுகள் ஆண்டுதோறும் வருகின்றன, அவை தேவையானவை. மாநில வாரியங்களின் கூட்டக் குறிப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்று, யார் பேசினார்கள், எத்தனை முறை, எந்தக் கோரிக்கை எந்த வினைமுற்றில் பதிவானது, 'பரிசீலிக்கப்படும்' என்பது எத்தனை கூட்டங்களுக்குத் தொடர்ந்தது என்று பார்க்கும் உரையாடல் பகுப்பாய்வும் ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள். வாரியத்தில் உயர்கல்விச் செயலர் இருக்கிறார் என்பதால், தேர்வெழுதத் துணை எழுத்தர் கிடைக்காத மாணவரின் பிரச்சினையும் அந்த நிகழ்ச்சி நிரலில் இடம்பெறத் தக்கதே.

நியமன உறுப்பினர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். மாவட்டங்களின் சார்பில் அமரும் ஐவரை, அந்தந்த மாவட்ட நிர்வாகத்தின் பரிந்துரையின்றி அரசு நியமிக்க முடியாது. அதாவது பெயர்கள் தொடங்கும் இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அங்கே 'இயன்ற வரையில்' என்ற வாசகம்கூட இல்லை. எவர் பெயரையும் எழுதலாம். தன் மாவட்டத்திலிருந்து எந்தப் பெயர் போயிருக்கிறது, கடைசியாக எப்போது போயிருக்கிறது என்று கேட்டு ஒரு மனு எழுத, எந்தக் கல்லூரியின் எந்த மாணவருக்கும் வேண்டியது ஒரு தாளும் பத்து ரூபாய்க் கட்டணமும்தான்.